கொங்குஸோ: ‘முறுமுறுத்தார்கள்’ என்பதன் கிரேக்கச் சொல்லை ஆராயும் முறை

முறுமுறுப்பைப் பற்றி வேதபாடம் எடுக்கிறவர்கள் பெரும்பாலும் பிலிப்பியர் 2:14-இல் தொடங்கி, அங்கிருந்து நேரே இஸ்ரவேலர் முறுமுறுத்த வனாந்தரத்துக்குப் போய், ‘குறை சொல்வது பாவம்’ என்று முடித்துவிடுவார்கள். அந்த முடிவை அப்போஸ்தலர் 6:1-க்குக் கொண்டுபோனால் இடறும். யோவான் 7:12-க்குக் கொண்டுபோனால் பொருளே மாறிப்போகும். மூன்று இடத்திலும் கிரேக்கத்தில் இருப்பது ஒரே பெயர்ச்சொல்தான். அந்தச் சொல் பேச்சின் விதத்தைக் காட்டுகிறது: ஒரு கூட்டம், பெரும்பாலும் தங்களுக்குள்ளே, அடங்கிய குரலில், மனத்தாங்கலோடு பேசிக்கொள்வது. பேசிய விஷயம் நியாயமா அநியாயமா என்பதை அந்தச் சொல் சொல்வதில்லை, சூழல்தான் சொல்லும். இதை வசனங்களிலிருந்தே கண்டுபிடிக்கும் வழி கீழே இருக்கிறது. கிரேக்க எழுத்துகளை வாசிக்கத் தெரிந்தால் நல்லது. தெரியாவிட்டாலும் ஸ்ட்ராங் எண் (ஒவ்வொரு மூலமொழிச் சொல்லுக்கும் கொடுத்திருக்கும் எண்) போட்ட வேதாகமச் செயலி ஒன்றும், வரிக்கு வரி பொருள் தரும் கிரேக்கப் புதிய ஏற்பாடும் இருந்தால் போதும்.

முதலில் சொற்களைத் திரட்டுங்கள்

ஒரே அடியிலிருந்து பிறந்த நான்கு சொற்கள் புதிய ஏற்பாட்டில் வருகின்றன. ‘கொங்குஸோ’ என்ற வினை (ஸ்ட்ராங் 1111) 8 முறை: மத்தேயு 20:11, லூக்கா 5:30, யோவான் 6:41, 6:43, 6:61, 7:32, பிறகு 1 கொரிந்தியர் 10:10-இல் இரண்டு முறை. ‘கொங்குஸ்மொஸ்’ என்ற பெயர்ச்சொல் (1112) 4 முறை: யோவான் 7:12, அப்போஸ்தலர் 6:1, பிலிப்பியர் 2:14, 1 பேதுரு 4:9. முறுமுறுக்கிறவனைக் குறிக்கும் ‘கொங்குஸ்தேஸ்’ (1113) யூதா 16-இல் மட்டும். முன்னொட்டுச் சேர்ந்த ‘தியாகொங்குஸோ’ (1234) லூக்கா 15:2, 19:7 ஆகிய இரண்டிடத்தில். மொத்தம் 15 முறை, 14 வசனங்கள். ஒரே உட்காரலில் எல்லாவற்றையும் வாசித்துவிடலாம், அப்படியே வாசியுங்கள். அகராதியை அதற்குப் பிறகு திறங்கள். முதலிலேயே திறந்தால் அதிலுள்ள பொருளைத்தான் ஒவ்வொரு வசனத்திலும் பார்ப்பீர்கள்.

திரட்டும்போது வழக்கமாக நேரும் தவறுகள் மூன்று.

முதலாவது, எழுத்துக்கூட்டல். சொல்லின் நடுவில் ‘ங்க்’ என்று ஒலிப்பது கிரேக்கத்தில் இரண்டு காமா எழுத்துகள். காதில் கேட்டபடி நூ எழுத்தும் காமாவும் போட்டுத் தேடினால் ஒன்றும் கிடைக்காது.

இரண்டாவது, இறந்தகால வடிவங்கள். கிரேக்க வினை இறந்தகாலத்தில் முன்னால் ‘எ’ சேர்த்துக்கொள்ளும்: எகொங்குஸொன், எகொங்குசான். முன்னொட்டு இருந்தால் அந்த ‘எ’ முன்னொட்டுக்கும் அடிக்கும் நடுவில் புகுந்து ‘தியெகொங்குஸொன்’ என்று ஆகும். ஆகவே சொல்லின் முதல் எழுத்துகளைக் கொடுத்துத் தேடினால் பாதி வசனங்கள் நழுவிவிடும். அடிச்சொல்லை, அல்லது எண்ணைக் கொடுத்துத் தேடுங்கள். 1234-ஐத் தனியாகத் தேட மறக்கிறவர்கள்தான் லூக்கா 15:2-ஐத் தவறவிடுகிறார்கள். முறுமுறுப்பைப் பற்றிய பாடத்தில் அதைவிட முக்கியமான வசனம் அதிகமில்லை.

மூன்றாவது, தமிழ் ஒத்தவாக்கிய அகராதியை மட்டும் நம்புவது. பழைய திருப்புதலில் (பல சபைகளில் வழங்கும் பழைய தமிழ் மொழிபெயர்ப்பில்) மாற்கு 14:5-இலும் ‘அவளைக்குறித்து முறுமுறுத்தார்கள்’ என்று இருக்கிறது, ஆனால் அங்கே கிரேக்கத்தில் இருப்பது ‘எம்ப்ரிமாவொமாய்’ என்ற வேறு சொல். அது கடுமையாகச் சீறுவது, அதட்டுவது. மத்தேயு 9:30-இல் இயேசு குருடர்களிடம் கண்டிப்பாய்க் கட்டளையிட்டார் என்பதும், யோவான் 11:33-இல் லாசருவின் கல்லறைக்குப் போகுமுன் அவர் ஆவியில் கலங்கினதும் இதே சொல்தான். தைலம் ஊற்றிய பெண்ணுக்கு எதிராக அங்கிருந்தவர்கள் வாய்க்குள் முணகவில்லை, முகத்துக்கு நேரே கடிந்துகொண்டார்கள். இந்த வசனத்தை உங்கள் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள்.

யார், யாரைக் குறித்து, யாரிடம்

ஒரு தாளில் நான்கு கட்டம் போட்டு ஒவ்வொரு வசனத்துக்கும் நிரப்புங்கள்: பேசுகிறவர்கள் யார், எதைப் பற்றி, யாருக்கு எதிராக, உண்மையில் யாரிடம் சொன்னார்கள். கடைசிக் கட்டத்தைப் பலர் போடுவதில்லை. சொல்லின் குணம் வெளிப்படுவது அங்கேதான்.

முதல் கட்டத்தை நிரப்பி முடித்ததும் ஒன்று கண்ணில் படும்: புதிய ஏற்பாட்டில் தனி ஒரு ஆள் முறுமுறுத்ததாக ஓரிடத்திலும் இல்லை. வேலையாட்கள், பரிசேயரும் வேதபாரகரும், யூதர்கள், சீஷர்கள், ஜனக்கூட்டம், கிரேக்கரானவர்கள் (கிரேக்க மொழி பேசிய யூத விசுவாசிகள்), எல்லாம் கூட்டம்தான். லூக்கா 15-இல் இது இன்னும் துலக்கமாகத் தெரியும். அதிகாரத்தின் தொடக்கத்தில் பரிசேயர் கூட்டமாக முறுமுறுக்கிறார்கள். முடிவில் மூத்த குமாரன் அதே மனத்தாங்கலோடு வீட்டுக்கு வெளியே நிற்கிறான், ஆனால் 28ஆம் வசனம் அவன் கோபமடைந்தான் என்கிறது, அந்தச் சொல் வேறு. அவன் தன் மனக்குறையைத் தகப்பனிடமே நேராகக் கொட்டிவிடுகிறான்.

அடுத்து, வினையோடு வரும் முன்னிடைச்சொல்லைக் குறித்துக்கொள்ளுங்கள். ‘காதா’ வந்தால் ஒருவருக்கு விரோதமாக (மத்தேயு 20:11). ‘பெரி’ வந்தால் ஒருவரை அல்லது ஒன்றைக் குறித்து (யோவான் 6:41, 6:61, 7:12, 7:32). ‘மெதா’ வந்தால் ஒருவரோடொருவர் (யோவான் 6:43). ‘ப்ரொஸ்’ வந்தால் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். லூக்கா 5:30-இல் ‘ப்ரொஸ்’ சீஷர்களைச் சுட்டுகிறது. பழைய திருப்புதல் ‘சீஷருக்கு விரோதமாய்’ என்கிறது, ‘சீஷரை நோக்கி’ என்றும் எடுக்கலாம். எப்படி எடுத்தாலும், விருந்தில் இயேசு அங்கேயே இருக்கிறார், அந்த விருந்தைப் பற்றிய மனக்குறையைச் சீஷரிடம் தொடுக்கிறார்கள். பதில் சொல்கிறவர் இயேசு. யோவான் 6:61-இலும் அதே அமைப்பு: சீஷர்கள் அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை, அவர்கள் முறுமுறுப்பதை அவர் தமக்குள்ளே அறிந்துகொண்டு அவரே பேச்சைத் தொடங்குகிறார்.

ஆனால் இதைச் சட்டமாக்கிவிடாதீர்கள். மத்தேயு 20:11-இல், திராட்சத்தோட்ட உவமையில், வேலையாட்கள் எஜமானிடமே சொல்கிறார்கள். ‘கேட்காத குரலில் பேசுவது மட்டும்தான் கொங்குஸோ’ என்று வரையறுத்தால் இந்த உவமை அதை உடைத்துவிடும்.

அந்த உவமையில் இன்னும் கொஞ்சம் நின்று போகலாம். கி.மு. 3ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த எகிப்தியப் பாப்பிரஸ் (நாணல்தாள் ஆவணம்) ஒன்றில் இதே வினை வருகிறது: வேலையாட்களின் ஒரு குழு, தங்களுக்கு அநியாயம் நடக்கிறது என்று சொல்லி முறுமுறுக்கிறது. வேலை, கூலி, கூட்டம், ‘அநியாயம்’ என்ற புகார்: இந்தச் சொல் அன்றாடப் பேச்சில் எங்கே வாழ்ந்தது என்பதற்கு இது நல்ல சாட்சி. உவமையில் எஜமான் சொல்லும் பதிலைப் பாருங்கள்: ‘சிநேகிதனே, நான் உனக்கு அநியாயஞ்செய்யவில்லை.’ அநியாயம் என்பதற்குப் பாப்பிரஸில் உள்ள அதே வினைதான் இங்கும். இன்னொன்று, முறுமுறுத்தவர்கள் பலர், ஆனால் அவன் ‘அவர்களில் ஒருவனுக்கு’ப் பதில் சொல்கிறான் (20:13). கூட்டத்தின் முணுமுணுப்பை ஒருமைக்குக் கொண்டுவந்து, ‘நீ என்னிடத்தில் ஒரு பணத்துக்குச் சம்மதிக்கவில்லையா’ என்று கேட்கிறான். தமிழிலும் ‘உனக்கு’ என்ற ஒருமை அப்படியே இருக்கிறது, வாசிக்கும்போது தாண்டிப்போய்விடாதீர்கள்.

காலத்தைப் பாருங்கள்

மத்தேயு 20:11, லூக்கா 5:30, 15:2, 19:7, யோவான் 6:41 ஆகிய ஐந்திலும் வினை தொடர் இறந்தகாலத்தில் இருக்கிறது: முறுமுறுத்துக்கொண்டே இருந்தார்கள், அல்லது முறுமுறுக்கத் தொடங்கினார்கள். தமிழில் ‘முறுமுறுத்தார்கள்’, ‘முறுமுறுத்து’ என்று வரும்போது இந்த நீட்சி மறைந்துவிடும், பாடம் சொல்லும்போது வாயால் சேர்த்துக்கொள்ளலாம். 1 கொரிந்தியர் 10:10-இல் வனாந்தரத்து ஜனங்களுக்கு எளிய இறந்தகாலம், கொரிந்து சபைக்கு நிகழ்காலக் கட்டளை. யோவான் 6:43-இலும் நிகழ்காலக் கட்டளைதான். ‘செய்துகொண்டிருப்பதை நிறுத்துங்கள்’ என்று அதற்குப் பொருள் சொல்வார்கள். யோவானில் அது பொருந்தும், ஏனென்றால் இரண்டு வசனத்துக்கு முன்னால் அவர்கள் முறுமுறுத்துக்கொண்டிருந்ததாகவே எழுதியிருக்கிறது. பொருந்துவதற்குக் காரணம் சூழல், இலக்கண வடிவம் மட்டும் அதை நிரூபிக்காது.

முன்னொட்டு ‘தியா’ பற்றி ஒரு வார்த்தை. ‘கூட்டம் முழுவதும் பரவிய முறுமுறுப்பு’ என்று அதற்குப் பொருள் சொல்லலாம். லூக்கா 19:7-இல் ‘யாவரும்’ என்று இருப்பதால் அங்கே அது அழகாகவும் பொருந்தும். இதற்கு மேல் இழுக்க வேண்டாம். எண்ணாகமம் 14-இன் கிரேக்க மொழிபெயர்ப்பில் ஒரே சம்பவத்துக்கு முன்னொட்டோடும் முன்னொட்டில்லாமலும் மாறி மாறி வருகிறது.

பழைய ஏற்பாட்டுக்குப் போகும் பாலம்

புதிய ஏற்பாட்டு ஆசிரியர்கள் இந்தச் சொல்லை எழுதும்போது வாசகர் காதில் ஒலித்தது வனாந்தரம். காரணம் செப்டுவஜின்ட், அதாவது எபிரெய வேதாகமத்தின் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பு. யாத்திராகமம் 15 முதல் 17 வரையிலும், எண்ணாகமம் 14 முதல் 17 வரையிலும் வரும் ‘லூன்’ என்ற எபிரெய வினையையும் அதன் பெயர்ச்சொல்லையும் அது இந்தச் சொற்குடும்பத்தால்தான் மொழிபெயர்க்கிறது. மாராவின் கசப்புத் தண்ணீர், சீன் வனாந்தரத்துப் பசி, ரெவிதீமின் தாகம், வேவுகாரர் கொண்டுவந்த துர்ச்செய்தி, கோராகின் கலகத்துக்கு மறுநாள், எல்லாவற்றிலும் இது உண்டு.

இங்கே பார்க்க வேண்டிய வசனம் யாத்திராகமம் 16:8. ஜனங்கள் வாய்விட்டுச் சொன்னது மோசேக்கும் ஆரோனுக்கும் எதிராக. மோசே அதைத் திருத்துகிறான்: உங்கள் முறுமுறுப்பு எங்களுக்கு அல்ல, கர்த்தருக்கே விரோதமானது. நான்கு கட்டத் தாளில் மூன்றாவது கட்டமும் நான்காவதும் பிரிந்து நிற்கும் இடம் இது. வனாந்தர முறுமுறுப்பு ஏன் அவ்வளவு கடுமையாக நியாயந்தீர்க்கப்பட்டது என்பதற்கு விடையும் இங்கேதான் இருக்கிறது. தாகம் பொய்யல்ல, பசியும் பொய்யல்ல. மாராவில் தண்ணீர் மதுரமாக்கப்பட்டது, சீனில் மன்னா வந்தது, இரண்டிடத்திலும் ஒருவரும் சாகவில்லை. எண்ணாகமம் 14-இல் அவர்கள் தேசத்தையே மறுத்து எகிப்துக்குத் திரும்ப ஒரு தலைவனை ஏற்படுத்தப் பார்க்கிறார்கள். நியாயத்தீர்ப்பின் கடுமை அங்கேதான் ஏறுகிறது. 16:41-இல் மறுபடி முறுமுறுத்தபோது வாதையில் செத்தவர்கள் 14,700 பேர். பவுல் 1 கொரிந்தியர் 10:10-இல் ‘சங்காரக்காரன்’ என்று சொல்லும்போது இந்த இரண்டு அதிகாரங்களில் எதை நினைத்தார் என்று பெயர் சொல்லவில்லை. இரண்டையும் வாசித்துக் காட்டுங்கள், ஒன்றை மட்டும் அடித்துச் சொல்ல வேண்டாம்.

யோவான் 6 இந்தப் பாலத்தின் மறுமுனை. பேச்சு முழுவதும் மன்னாவைப் பற்றி, ‘வானத்திலிருந்து வந்த அப்பம்’ என்ற வார்த்தையைக் கேட்டதும் யூதர்கள் முறுமுறுக்கிறார்கள். யோவான் சுவிசேஷத்தில் இந்தச் சொற்குடும்பம் 6, 7 ஆகிய இரண்டு அதிகாரங்களில் மட்டும், ஐந்து முறை வருகிறது. யாத்திராகமம் 16-ஐப் பக்கத்தில் திறந்துவைத்து யோவான் 6-ஐ வாசிப்பது, எந்த அகராதி விளக்கத்தையும்விட அதிகம் கற்றுத்தரும்.

செப்டுவஜின்டில் தேடும்போது அதிகார எண்கள் தமிழோடு ஒத்துப்போகாது. தமிழில் எண்ணாகமம் 16:41 என்பது அங்கே 17:6. சங்கீதம் 106:25 அங்கே 105:25. வசனம் ‘காணாமல் போய்விட்டது’ என்று நினைத்தால் முதலில் இதைச் சரிபாருங்கள். இன்னொரு சிறு வேறுபாடு: எண்ணாகமம் 11:1-இல் தமிழ் ‘முறையிட்டு’ என்கிறது, எபிரெயத்தில் அங்கே ‘லூன்’ இல்லை. ஆனால் செப்டுவஜின்ட் அங்கேயும் கொங்குஸோ போட்டிருக்கிறது.

எபிரெய ‘லூன்’ பற்றி மேடைகளில் சுற்றிவரும் ஒரு விளக்கம் உண்டு: அதே எழுத்துகளுக்கு ‘இராத்தங்குதல்’ என்றும் பொருள் இருப்பதால், முறுமுறுக்கிறவன் குறையிலேயே குடியிருக்கிறான் என்பார்கள். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் அவை உருவத்தில் ஒத்த இரண்டு வேறு வினைகள். இரண்டும் குழம்பக்கூடிய இடம் உண்மையிலேயே ஒன்று உண்டு, சங்கீதம் 59:15. அதில் ‘இராத்தங்குவார்கள்’ என்றும் ‘முறுமுறுப்பார்கள்’ என்றும் இரு விதமாக வாசிக்கலாம், செப்டுவஜின்ட் இரண்டாவதை எடுத்திருக்கிறது. அந்த ஒரு வசனத்தின் ஐயத்தை மற்ற எல்லா இடத்துக்கும் பொருளாக்க முடியாது.

பக்கத்துச் சொற்களிலிருந்து பிரித்தல்

யாக்கோபு 5:9-இல் ‘ஒருவருக்கொருவர் விரோதமாய் முறையிடாதிருங்கள்’ என்று இருப்பது ‘ஸ்தெனாஸோ’, பெருமூச்சுவிடுதல், தவித்தல். ரோமர் 8:23-இல் விசுவாசிகள் தவிப்பதும், மாற்கு 7:34-இல் இயேசு பெருமூச்சு விட்டதும் இதே வினை. பெருமூச்சு தன்னளவில் தவறல்ல, யாக்கோபு தடுப்பது அதை ஒருவர்மேல் ஒருவர் திருப்புவதை. துக்கத்தில் இருக்கிறவரிடம் முறுமுறுப்பு வசனங்களைக் காட்டிக் கண்டிக்கும் தவறு, இந்த இரண்டு சொற்களையும் ஒன்றாக்குவதிலிருந்துதான் வருகிறது.

யூதா 16-இல் ‘முறுமுறுக்கிறவர்களும், முறையிடுகிறவர்களும்’ என்ற ஜோடியில் இரண்டாவது ‘மெம்ப்ஸிமொய்ரொஸ்’: தன் பங்கைக் குறித்துக் குறைசொல்லிக்கொண்டே இருப்பவன். புதிய ஏற்பாட்டில் இங்கே மட்டும் வரும் சொல். பிலிப்பியர் 2:14-இல் ‘தர்க்கிப்பு’ என்பது ‘தியாலொகிஸ்மொஸ்’. அடுத்த வசனத்தில் வரும் ‘கோணலும் மாறுபாடுமான சந்ததி’ உபாகமம் 32:5-இன் வார்த்தைகள், ஆகவே பவுல் அங்கேயும் வனாந்தரத்தை விட்டு விலகவில்லை.

எதிர்ச்சொல்லைக் கண்டுபிடிப்பது மிகப் பயனுள்ள வேலை. யோவான் 7:12-இல் ‘முறுமுறுப்புண்டாயிற்று’ என்று வாசித்ததும் நிறுத்தாமல் 13-ஐயும் வாசியுங்கள். யூதருக்குப் பயந்து ஒருவனும் அவரைக்குறித்துத் தாராளமாய்ப் பேசவில்லை. ‘தாராளமாய்’ என்பது ‘பர்ரேசியா’, ஒளிவுமறைவில்லாத பேச்சு. அங்கே முறுமுறுத்தவர்களில் ஒரு சாரார் சொன்னது ‘அவர் நல்லவர்’ என்பது! அதில் குறை எங்கே? பயத்தில் காதோடு காதாகப் பேசிக்கொண்டார்கள், அவ்வளவுதான். ‘கொங்குஸ்மொஸ் என்றால் குறைகூறல்’ என்ற வரையறை இங்கே நிற்காது.

அப்போஸ்தலர் 6:1 இரண்டாவது சோதனை. தமிழில் வினையாக இருப்பது கிரேக்கத்தில் பெயர்ச்சொல்: கிரேக்கரானவர்களின் முறுமுறுப்பு எபிரெயருக்கு எதிராக எழும்பிற்று. காரணம் விதவைகள் அன்றாட விசாரணையில் விடுபட்டது. அப்போஸ்தலர் கண்டிக்கவில்லை, சபையைக் கூட்டி ஏழு பேரைத் தெரிந்துகொள்ளச் சொன்னார்கள். தெரிந்துகொள்ளப்பட்ட ஏழு பேரின் பெயர்களும், ஸ்தேவான் முதல் நிக்கொலா வரை, கிரேக்கப் பெயர்கள். முறுமுறுப்பு அங்கே சபைக்கு ஒரு ஆபத்து என்பது உண்மை, அதன் காரணம் நியாயமானது என்பதும் உண்மை. சொல் முதலாவதை மட்டும் காட்டுகிறது.

அகராதியைத் திறக்கும் நேரம்

இப்போது திறக்கலாம். ஒலியைப் பின்பற்றிய சொல் என்று அதில் இருக்கும், தமிழின் இரட்டைக்கிளவி போலத்தான். புறா கூவுவதற்கும் இது வழங்கியதாக 2ஆம் நூற்றாண்டுச் சொற்றொகுப்பாளர் பொல்லுக்ஸ் குறித்திருக்கிறார். அதே நூற்றாண்டின் இலக்கணி ஃபிரினிகொஸ், இது அயோனியச் சொல், அத்தீனியர் வேறு சொல்லைச் சொல்வார்கள் என்கிறார். தற்காலக் கிரேக்கத்தில் இந்த வினை வலியில் முனகுவதையும் குறிக்கும். இணைய மொழிபெயர்ப்பியில் சொல்லைப் போட்டால் அந்தப் பொருள் முதலில் வரலாம், அதைப் புதிய ஏற்பாட்டுக்குள் கொண்டுவர வேண்டாம்.

தமிழில் எந்தச் சொல்லால் விளக்குவது? பழைய திருப்புதல் ‘முறுமுறு’ என்கிறது, திருவிவிலியம் ‘முணுமுணு’ என்கிறது. முறுமுறுப்பில் அதிருப்தி தூக்கலாக நிற்கும், முணுமுணுப்பில் குரல் அடங்கியிருப்பது தூக்கலாக நிற்கும். மத்தேயு 20:11, 1 கொரிந்தியர் 10:10, யூதா 16 ஆகியவற்றுக்கு முதலாவதே சரி. யோவான் 7-க்கு இரண்டாவது, அல்லது ‘காதோடு காதாகப் பேசிக்கொண்டார்கள்’ என்று விரித்துச் சொல்வது இன்னும் நல்லது. 1 பேதுரு 4:9-இல் விருந்தினரை வரவேற்றுவிட்டு உள்ளே போய் முணுமுணுப்பதுதான் விஷயம், அங்கே எது போட்டாலும் யாருக்கும் விளக்கம் தேவைப்படாது.

பாடத்தைத் தயாரித்து முடித்ததும், நீங்கள் எழுதிய வரையறையை 14 வசனங்களிலும் ஒவ்வொன்றாகப் பொருத்திப் பாருங்கள். பெரும்பாலும் யோவான் 7:12-இலோ அப்போஸ்தலர் 6:1-இலோ அது முட்டும். முட்டினால் வசனத்தை வளைக்காமல் வரையறையிலிருந்து ‘பாவமான’, ‘நன்றியில்லாத’, ‘தேவனுக்கு விரோதமான’ போன்ற அடைமொழிகளை எடுத்துவிட்டு மறுபடி பொருத்துங்கள். அந்த அடைமொழிகளை எந்த வசனத்தின் சூழல் தருகிறதோ அந்த வசனத்தின் விளக்கத்தில் மட்டும் எழுதுங்கள்.